விழித்திரையை முதலில் கண்டவர்

குறைமாதத்தில் பிறந்த ஒரு பச்சிளங் குழந்தையின் கண்ணைச் சோதிக்க மருத்துவர் வருகிறார். செவிலி அக்குழந்தையைத் துணியில் நன்றாகச் சுற்றி, கைகால் உதறாதபடி தலையை மெல்லப் பிடித்துக்கொள்கிறார். கண் மரத்துப்போவதற்காக ஒரு துளி மருந்து விடப்படுகிறது. பிறகு மருத்துவர் கையில் ஒரு சின்னஞ்சிறு கம்பிக் கருவியை எடுக்கிறார். நாம் தலையில் செருகும் கொண்டை ஊசியை இன்னும் சிறிதாக்கி, அதன் இரு முனைகளையும் கொக்கிபோல வளைத்துவிட்டால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி இருக்கும் அது. அதை விரல்களுக்கிடையில் சற்றே நெருக்கி, ஒரு வளைவை மேலிமைக்குள்ளும் மற்றதைக் கீழிமைக்குள்ளும் பொருத்திவிட்டு விரலை எடுத்தால், கம்பி தன் விசையாலேயே விரிந்து இமைகளைப் பிரித்து நிறுத்துகிறது. ஸ்பெகுலம் என்று அதற்குப் பெயர். அடுத்த சில நிமிடங்களில் குழந்தையின் கண்ணுக்குள்ளிருக்கும் விழித்திரை, செக்கச்சிவந்த நிலம்போலவும் அதில் கிளைவிட்டோடும் நரம்புகள்போலவும் படமாகிவிடுகிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் அழுகிறாள். ஆனால் அந்தப் படத்தை உரிய நாளில் எடுக்காவிட்டால் சில வாரங்களில் அக்குழந்தை பார்வையை முற்றிலும் இழக்கக்கூடும்.

உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் எட்டிப்பார்க்க முடியும் என்பதே 1850-ஆம் ஆண்டுவரை மருத்துவ உலகம் அறியாத செய்தி. அதைச் செய்து காட்டியவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பௌதிகப் பாடத்தில் ஆற்றல் அழியாமை விதியைப் படிக்கும்போது அவர் பெயரை மாணவியர் கேட்டிருக்கலாம். இங்கு நாம் காணப்போவது, ஒரு அட்டைத்துண்டையும் சில கண்ணாடித் தகடுகளையும் கையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் போராடிய ஹெல்ம்ஹோல்ட்ஸை.

அவர் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்கள் 31-ஆம் நாள், ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகிலுள்ள போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் பெர்டினான்ட் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், மொழியிலும் தத்துவத்திலும் ஆர்வமுள்ளவர், வருவாயோ குறைவு. பிள்ளை பிறந்தது முதல் ஏழு வயதுவரை நோயாளி. பெரும்பாலும் அறையிலேயே, பல நாட்கள் படுக்கையிலேயே கிடந்தான். அவனுக்குத் துணை மரக்கட்டைகள். அவற்றை அடுக்கியும் பிரித்தும் விளையாடியதில், பின்னர் பள்ளியில் வடிவியல் தொடங்கியபோது ஆசிரியர் வியக்கும்படி பல உண்மைகள் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தன.

அதற்காக அவன் வகுப்பில் முதல்வன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்களை மனப்பாடம் செய்வது அவனுக்கு வேப்பங்காய். இலக்கணத்தில் விதிக்கு அடங்காத வடிவங்கள் அவன் நினைவில் தங்கவே தங்கா. வலது எது, இடது எது என்பதிலேயே சிறுவயதில் தடுமாறுவானாம். லத்தீன் வகுப்பில் மற்றவர்கள் சிசரோவையும் வர்ஜிலையும் படித்துக்கொண்டிருக்க, அவன் மேசைக்கடியில் தாளை வைத்துக்கொண்டு தொலைநோக்கிக்குள் ஒளிக்கதிர் எந்த வழியாகச் செல்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். (இதைப் படிக்கும் ஆசிரியைகள் என்னை மன்னிக்க வேண்டும், நடந்ததைச் சொல்கிறேன்.) அப்படித் திருட்டுத்தனமாகக் கண்டறிந்த சில ஒளியியல் உண்மைகளே பிற்காலத்தில் கண்ணைப் பார்க்கும் கருவியை அமைக்கத் தமக்கு உதவின என்று அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டிலோ கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடி வில்லைகளையும், செடிகொடிகளை ஆராயத் தந்தை வைத்திருந்த ஒரு சிறு லென்ஸையும் சேர்த்து ஏதேதோ கருவிகள் செய்து பார்ப்பான். அமிலங்களை வைத்துச் சோதனை செய்ததில் வீட்டுத் துணிமணிகள் பாழானதும் உண்டு. அன்னையார் என்ன சொன்னார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அவனுக்குப் பௌதிகம் படிக்க ஆசை. தந்தையின் சம்பளம் அதற்கு இடம் தரவில்லை. பெர்லினில் ராணுவத்துக்கு மருத்துவர்களைத் தயார் செய்யும் கல்விக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே மருத்துவக் கல்வி இலவசம். பதிலுக்கு எட்டு ஆண்டுகள் ராணுவத்தில் மருத்துவராகப் பணி செய்ய வேண்டும். 1838-இல், 17 வயதில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதில் சேர்ந்தார். பௌதிகத்துக்குப் பதிலாக மருத்துவம் என்பது அவருக்கு வறுமை காட்டிய வழி. ஆனால் கண்ணையும் காதையும் ஒரு பௌதிக அறிஞரின் கணக்கோடு பார்க்கும் மருத்துவர் உலகுக்குக் கிடைத்தது அந்த வழியில்தான். அங்கே உடலியல் பேராசிரியர் ஜோஹன்னஸ் முல்லரின் மாணவராகும் பேறும் அவருக்கு வாய்த்தது.

1841-இல் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. மாணவர் என்பதால் மருத்துவமனையில் இலவசமாகவே சிகிச்சை பெற்றார். படுக்கையில் கிடந்த அந்த நாட்களில் உதவித்தொகை செலவாகாமல் சேர்ந்துவிட்டது. எழுந்து நடமாடியதும் அந்தப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு நுண்ணோக்கி. அதைக்கொண்டு ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்கு 1842-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு போட்ஸ்டாமில் குதிரைப்படைப் பிரிவொன்றில் மருத்துவர் வேலை. படைமுகாமிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். அங்கிருந்தே 1847-இல், இயற்கையில் ஆற்றல் வடிவம் மாறுமேயன்றி அழிவதில்லை என்பதைக் கணித முறையில் விளக்கும் கட்டுரையை எழுதினார். அக்காலத்துப் பெரிய பௌதிக இதழ் அதை ஏற்க மறுத்தது. தனி நூலாக அச்சிட்டார். அவருக்கு அப்போது வயது 26. அலெக்சாண்டர் ஹம்போல்ட் என்ற பேரறிஞரின் பரிந்துரையால் 1848-இல் ராணுவக் கடமையிலிருந்து முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார். 1849-இல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். (அந்நகரம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரஷ்யர் வசமாகிக் கலினின்கிராடு எனப் பெயர் மாறிவிட்டது.) அவ்வாண்டே ஒல்கா என்னும் மங்கையை மணந்தார். நரம்பின் வழியே செய்தி எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று தவளையின் நரம்பில் அவர் அளந்தபோது, அருகிலிருந்து அளவுகளைக் குறித்துக்கொடுத்தவர் ஒல்கா. அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் முல்லரே எண்ணியிருந்த வேகம் அது. விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் என்று கண்டார்கள்.

இனிக் கண்ணுக்கு வருவோம்.

எதிரில் நிற்பவரின் கண்மணியைப் பாருங்கள், கன்னங்கரேலென்று இருக்கும். உள்ளே செல்லும் ஒளி எங்கே போகிறது? இருளில் பூனையின் கண் ஒளிர்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மனிதர் கண் ஏன் ஒளிர்வதில்லை? 1704-இல் பிரான்சில் மேரி என்ற மருத்துவர் ஒரு பூனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தபோது அதன் கண்ணின் அடியிலுள்ள இரத்தக்குழாய்கள் தெரிந்தன. பாவம் அந்தப் பூனை. 1823-இல் புர்கின்யே என்ற பேராசிரியர், தம் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் திரும்பிய மெழுகுவர்த்தி ஒளியில் பிறர் கண்ணுக்குள் செந்நிறம் மின்னுவதைக் கண்டு எழுதியும் வைத்தார், யாரும் கவனிக்கவில்லை. 1847-இல் கணிப்பொறியின் தந்தை எனப்படும் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், நடுவில் ரசம் சுரண்டிய கண்ணாடியொன்றைச் செய்து ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார். அவர் அதன் பயனை உணராததால் கருவி மூலையில் கிடந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் நண்பர் ப்ரூக்கே, மனிதர் கண்ணும் ஒளிரும் என்று காட்டி, வாசற்படிவரை வந்துவிட்டார். கதவைத் தள்ளவில்லை.

1850-இன் இறுதியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் மாணவர்களுக்கு ப்ரூக்கேயின் கண்டுபிடிப்பை விளக்கப் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். கண்ணுக்குள் சென்று திரும்பி வெளியே வரும் அந்த ஒளி எந்தப் பொருளின் உருவத்தைச் சுமந்து வருகிறது? வேறு எவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. பள்ளியில் மேசைக்கடியில் கணக்குப் போட்டவருக்கு விடை உடனே கிடைத்தது. கண்ணுக்குள் புகும் ஒளி, எந்த வழியே புகுந்ததோ அதே வழியே விளக்குக்குத் திரும்பிச் செல்கிறது. ஆகவே அதைக் காண வேண்டுமானால் நம் கண் விளக்கு இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். விளக்கை மறைத்துக்கொண்டு நின்றால் ஒளி இல்லை. விலகி நின்றால் காட்சி இல்லை. கண்மணி நமக்குக் கறுப்பாகத் தெரிவதன் மர்மம் இதுதான்.

அவர் செய்த உபாயம் எளிது. ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்வாக நிறுத்தினார். பக்கத்திலிருக்கும் விளக்கின் ஒளியில் ஒரு பகுதி தகட்டில் பட்டுத் திரும்பி நோயாளியின் கண்ணுக்குள் போகும். கண்ணுக்குள்ளிருந்து திரும்பும் ஒளியில் ஒரு பகுதி அதே தகட்டை ஊடுருவி மருத்துவரின் கண்ணை வந்தடையும். ஜன்னல் கண்ணாடியில் நம் முகமும் தெரிகிறது, வெளியிலிருக்கும் மரமும் தெரிகிறது அல்லவா, அதைப் போல. ஒரு தகடு போதாது. அதனால் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். வரும் கதிர்களைத் தெளிவாகக் காண ஒரு குழிவில்லையும் சேர்த்தார். இவற்றையெல்லாம் செய்துதர அப்போது அவரிடம் கருவித் தொழிலாளர் இல்லை. மூக்குக்கண்ணாடி வில்லைகள், நுண்ணோக்கியில் வைக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டுகள், அட்டை, பசை, இவ்வளவுதான் மூலப்பொருள்கள். போட்ஸ்டாம் சிறுவன் செய்த கருவிகளுக்கும் இதற்கும் பொருளளவில் பெரிய வேறுபாடில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒளி மங்கல், தகட்டின் சாய்வு சற்று மாறினால் எல்லாம் இருட்டு, எதிரில் அமர்ந்தவர் கண்ணை அசைத்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்குப்படி தெரிந்தே ஆக வேண்டும் என்ற உறுதி மட்டும் இல்லாதிருந்தால் இடையிலேயே விட்டுவிட்டிருப்பேன் என்ற பொருள்பட அவர் பின்னாளில் கூறினார். ஏறக்குறைய எட்டு நாட்கள் கழித்து அது தெரிந்தது. உயிருள்ள மனிதரின் விழித்திரையைத் தெளிவாகக் கண்ட முதல் மனிதர் அவர். 1850 டிசம்பர் 6-ஆம் நாள் பெர்லின் பௌதிகச் சங்கத்தில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. அம்மாத நடுவில் தந்தையாருக்கும் கடிதம் எழுதினார். 1851-இல் தம் கருவியை விளக்கிச் சிறு நூல் வெளியிட்டார். கண்ணைக் காட்டும் ஆடி என்ற பொருளில் அதற்கு ஜெர்மன் மொழியில் பெயரிட்டார். நாம் ஆப்தால்மாஸ்கோப் என்கிறோம். ரெக்கோஸ் என்னும் கோனிக்ஸ்பர்க் தொழில்வினைஞர், பல வில்லைகளைப் பதித்துச் சுழற்றக்கூடிய வட்டத்தகட்டை அதில் சேர்த்தார். அந்த அமைப்பு இன்றைய கைக்கருவிகளிலும் உண்டு.

அதுவரை, வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லாமல் பார்வை மட்டும் போய்விட்டால், அந்நோயில் நோயாளியும் ஒன்றும் காண்பதில்லை, மருத்துவரும் ஒன்றும் காண்பதில்லை என்று மருத்துவர்களே கசப்போடு கேலி பேசுவார்கள். ஆயினும் புதுக்கருவிக்கு எல்லாரும் மாலையிட்டு வரவேற்பு அளிக்கவில்லை. புகழ்பெற்ற ஓர் அறுவை மருத்துவர், நோயுற்ற கண்ணுக்குள் வெறும் ஒளியைப் பாய்ச்சுவது ஆபத்து, நான் தொடமாட்டேன் என்றாராம். மற்றொருவரோ, கண் சரியில்லாத மருத்துவர்களுக்கு அது உதவலாம், என் கண் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பெர்லினில் ஆல்பிரெக்ட் கிரேஃப் என்ற இளம் மருத்துவரோ அதைக் கையில் வாங்கியதும் புதியதோர் உலகம் திறந்ததுபோல மகிழ்ந்தார். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு குழிந்துபோவதை இக்கருவியின் வழியே மருத்துவர்கள் கண்டார்கள். அந்நோய்க்கு அறுவை முறை ஒன்றை 1857-இல் கிரேஃப் வெளியிட்டார். கத்தி படாமலே உடலின் இரத்தக்குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் விழித்திரை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அங்கே தடம் பதிக்கின்றன. வெறும் கண் மருத்துவர் மட்டுமல்ல, பொது மருத்துவரும் இன்று அதைப் பார்ப்பது அதனால்தான்.

ஆனால் கண்ணுக்குள் பார்ப்பதற்கு ஒரு காவற்காரன் குறுக்கே நிற்கிறான். அவன் பெயர் இமை. நிமிடத்துக்குப் பல தடவை தானாக மூடித் திறந்து கண்ணீரைக் கருவிழியின்மேல் ஒரு மெல்லிய பூச்சாகத் தடவி வைப்பது அவன் வேலை. பளீரென்ற ஒளி வந்தால் மூடிக்கொள்வதும் அவன் கடமை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவி ஒளியையே உள்ளே அனுப்புகிறது. இமையோ அதையே தடுக்கிறது. நேரில் பார்க்கும் மருத்துவர் பொறுத்திருந்து, நோயாளி கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம். தேவையானால் கட்டைவிரலால் மேலிமையைத் தூக்கிப் புருவ எலும்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். படம் எடுக்க வேண்டுமென்றால் இந்தப் பொறுமை போதாது. 1886-இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் புகைப்படமாக வெளியிட்டார்கள். காமிராவை அம்மனிதரின் தலையோடு பிணைத்து, ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, இரண்டரை நிமிடம் படம் பிடித்தார்கள். மாணவியரே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடம் இமைக்காமல் இருந்து பாருங்கள்; அந்த மனிதரின் பாடு விளங்கும். படமும் தெளிவாக இல்லை.

அறுவை மருத்துவர்களிடம் இமையை விலக்கி நிறுத்தும் கருவிகள் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு முன்பே இருந்தன. ஆனால் விழித்திருக்கும் மனிதரின் கண்ணில் அதை வைத்தால் தாங்குவது கடினம். அந்தத் தடையை உடைத்தவர் கார்ல் கோலர் என்ற வியன்னா நகர இளம் மருத்துவர். கோக்கேன் கரைசல் ஒரு துளி விட்டால் கண்ணின் மேற்பரப்பு மரத்துப்போகிறது என்பதை முதலில் விலங்குகளிடத்திலும் பிறகு தம் கண்ணிலுமே சோதித்து அறிந்தார். 1884 செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டுக்குப் போகவும் அவரிடம் ரயில் கட்டணம் இல்லை. நண்பர் ஒருவர் அவருக்காகக் கட்டுரையைப் படித்துச் செய்து காட்டினார். இன்று கோக்கேனுக்குப் பதில் பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் குழந்தையின் கண்ணில் முதலில் விழுகிறதே ஒரு துளி, அதன் பிறப்பு அங்கேதான்.

ஹெல்ம்ஹோல்ட்ஸோ இதற்குள் பலதுறைப் பேரறிஞராகிவிட்டார். குளிர் மிகுந்த கோனிக்ஸ்பர்க் ஒல்காவின் உடல்நிலைக்கு ஒத்துவராததால் 1855-இல் பான் நகருக்கும், 1858-இல் ஹைடல்பர்க்குக்கும் மாறினார். ஒல்கா தேறவில்லை. 1859 டிசம்பரில், இரண்டு சிறு குழந்தைகளை விட்டுவிட்டு மறைந்தார். 1861-இல் அவர் மணந்த அன்னா நல்ல படிப்பாளி. ஆங்கில விஞ்ஞானி டிண்டாலின் நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். கண்ணைப் பற்றிய அவரது பெருநூல் 1856 முதல் 1867 வரை மூன்று பகுதிகளாக வந்தது. இசையொலியைப் பற்றிய நூல் 1863-இல் வெளியாயிற்று. 1869-இல் ஹைடல்பர்க்குக்குக் கணிதம் படிக்க வந்த ரஷ்யப் பெண் சோஃபியா கோவலெவ்ஸ்கயா, பெண் என்பதால் ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவரைத் தம் வகுப்பில் அமர அனுமதித்தவர்களுள் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஒருவர். 1871-இல் பெர்லினில் பௌதிகப் பேராசிரியரானார். சிறுவயது ஆசை 50-ஆம் வயதில் நிறைவேறிற்று.

1886-இல், ஜாக்மனும் வெப்ஸ்டரும் படம் வெளியிட்ட அதே ஆண்டில், ஹைடல்பர்க் கண் மருத்துவச் சங்கம் தன் கிரேஃப் பதக்கத்தை முதன்முதலாக ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு அளித்தது. கிரேஃப் 1870-இலேயே இளவயதில் காலமாகியிருந்தார். பதக்கம் பெற்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ் மேடையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். கிரேக்கச் சிற்பி பிடியாஸின் காலம்வரை, பளிங்கைச் செதுக்கும் அளவுக்கு உறுதியான உளி எவரிடமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரக் கொல்லர் ஒருவர் இரும்பைப் பதப்படுத்தி அப்படியோர் உளியைச் செய்து தருகிறார். அதைக்கொண்டு பிடியாஸ் தெய்வீகச் சிலைகளைச் செதுக்குகிறார். ஊரே அவரைக் கொண்டாடும்போது, பெருமையெல்லாம் உளி தந்தவருக்கே என்று அவர் கொல்லரைக் காட்டுகிறார். கொல்லர் என்ன சொல்ல வேண்டும்? வேலையை எளிதாக்கியதுதான் நான் செய்தது, சிலைகள் உம்முடையவை என்றுதானே? தாம் அந்தக் கொல்லர், கிரேஃபும் மற்ற கண் மருத்துவர்களும் சிற்பிகள் என்பது அவர் கருத்து. எனக்கென்னவோ, அந்த அடக்கத்தில் சற்று மிகை உண்டு என்றே தோன்றுகிறது. உளி செய்யத் தெரிந்தவர்கள் முன்பும் இருந்தார்கள். பாபேஜும் ஒன்று செய்தார். அந்த உளியால் என்ன செதுக்கலாம் என்று அறிந்து செய்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

1888-இல் சார்லட்டன்பர்க்கில் அமைந்த தேசிய பௌதிக-தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு, நெடுநாள் நோயாளியாயிருந்த மகன் ராபர்ட் மறைந்தார். 1893-இல் அமெரிக்கா சென்று சிகாகோ உலகக் கண்காட்சியைக் கண்டு திரும்பும் வழியில் கப்பலின் படிக்கட்டில் விழுந்து அடிபட்டார். 1894 புத்தாண்டு நாளில் அருமை மாணவர் ஹெர்ட்ஸ் 36 வயதில் இறந்த செய்தி வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பக்கவாதம் தாக்கியது. செப்டம்பர் 8-ஆம் நாள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலமானார்.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. அவரது கண் நூலின் மூன்றாம் பதிப்பைச் சீர்செய்தவர்களுள் ஒருவரான ஸ்வீடன் நாட்டு அறிஞர் குல்ஸ்ட்ராண்ட், கருவிழியில் பட்டுத் திரும்பும் கூசொளி படத்தைக் கெடுக்காமல் தடுக்கும் வழியைக் கண்டார். 1911-இல் கண்ணின் ஒளியியல் ஆராய்ச்சிக்காக அவர் நோபல் பரிசு பெற்றார். அவருடைய முறைப்படி நோர்டென்சன் அமைத்த விழித்திரைக் காமிராவை 1920-களில் ஜெய்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 1950-களில் மின்னொளிப் பிளாஷ் வந்தது. இமை மூடுவதற்குள் பிளாஷ் மின்னி மறைந்துவிடும். ஆகவே பெரியவர்களுக்கு இன்று இமையைப் பிரிக்கும் கருவி பெரும்பாலும் வேண்டியதில்லை. இரண்டு தடவை நன்றாக இமைத்துவிட்டுக் கண்ணை அகலத் திறக்கச் சொல்வார்கள். இமை தொங்கியிருந்தாலோ, கண்மயிரின் நிழல் படத்தின் ஓரத்தில் விழுந்தாலோ, உதவியாளர் விரலாலோ பஞ்சுக் குச்சியாலோ மேலிமையை மெல்லத் தூக்கிப் பிடிப்பார். கண் உருண்டையை அழுத்தாமல் எலும்பின்மேல் பிடிப்பதில்தான் பழக்கம் தெரியும்.

கண்ணைத் திற என்று சொன்னால் கேட்காத நோயாளிகள் பச்சிளங் குழந்தைகள். குறைமாதத்தில் பிறந்தால் விழித்திரையின் இரத்தக்குழாய்கள் முழுதும் வளர்ந்திரா. பின்னர் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். 1942-இல் பாஸ்டன் நகரில் டெர்ரி என்ற மருத்துவர் இந்நோயை விவரித்தார். குழந்தைகளைக் காக்கக் கொடுத்த மிகையான ஆக்சிஜனே பலரின் கண்ணைக் கெடுத்தது என்று 1950-களில் தெரியவந்தது. நம் நாட்டில் 34 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளுக்கும், 2000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும், பிறந்த 30 நாட்களுக்குள் முதல் சோதனை நடைபெற வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே வேண்டும். காலத்தில் கண்டால் லேசர் ஒளியால் தடுத்துவிடலாம். 1990-களின் பிற்பகுதியில் வந்த, கருவிழியின்மேல் கூழ் தடவி மெல்லத் தொட்டு வைக்கும் அகலக் காமிராவுக்கு இமைகள் இரண்டும் விலகியே இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கம்பி.

அதை வைப்பதிலும் முறை இருக்கிறது. சோதனைக்கு முன் சிறிது நேரம் பால் கொடுப்பதில்லை. வேதனை தெரியாதிருக்க நாவில் சர்க்கரைக் கரைசல் சில துளிகள் விடுகிறார்கள். இமை விரிந்து கண் அழுந்தும்போது சில குழந்தைகளுக்கு இதயத்துடிப்பு தளர்ந்துவிடும். ஆகையால் செவிலியின் பார்வை குழந்தையின் மார்பிலும் துடிப்புக் கருவியிலும் பதிந்தே இருக்கும். இமைக்க முடியாத கண் வறண்டால் படம் மங்கும். சொட்டு நீர் விட்டு ஈரம் காப்பார்கள். படம் பதிந்ததும் மருத்துவர் கம்பியின் இரு கால்களையும் நெருக்கி வெளியே எடுக்கிறார். இமைகள் மூடிக்கொள்கின்றன. செவிலி துணியைத் தளர்த்திக் குழந்தையைத் தாயின் கையில் கொடுக்கிறார். கம்பி, கிருமி நீக்குவதற்காகத் தட்டில் போடப்படுகிறது; அடுத்த குழந்தைக்கு வேறொன்று எடுக்கப்படுகிறது.